தலவாக்கலைத் தொகுதி, 1931–1949: ஆளை எண்ணிய கணக்கும் வாக்கை எண்ணிய கணக்கும்

இலங்கையின் தேர்தல் வரலாற்றில் தலவாக்கலை பெரிய பெயர் அல்ல. பிரதமர் யாரும் அங்கிருந்து வரவில்லை. ஆனாலும் குடியேற்ற ஆட்சிக்காலத்தில் ஒரு கிராமப்புறத் தொகுதி எப்படி உருவாகும், யார் கையில் இருக்கும், எந்த வழியில் வெறுமையாகும் என்பதைப் படிக்க இதைவிடத் தெளிவான இடம் கிடைப்பது அரிது. 1931-ல் அரசாங்க சபை என்ற சட்டமன்றத்துக்காகப் பிறந்த தொகுதி இது. 1947 தேர்தலுக்காகப் பாராளுமன்றத் தொகுதியாக மறுபடி வரையப்பட்டது. 1949-க்குப் பிறகு எல்லைக்கோடு அப்படியே இருக்க, உள்ளே இருந்த வாக்காளர்களில் மிகப் பெரும்பாலானோர் பட்டியலிலிருந்து போய்விட்டார்கள். இத்தனைக்கும் இந்தியத் தமிழ்த் தோட்டத் தொழிலாளரான அந்த மக்கள் இடம்பெயரவில்லை. அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்), அதே மலையில், அதே கொழுந்துக்கூடையுடன்தான் இருந்தார்கள்.

இந்தத் தொகுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வென்றவர்களின் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். இங்கே முடிவுகளைத் தீர்மானித்தது வாக்குப்பெட்டி அல்ல, தேருநர் இடாப்பு, அதாவது வாக்காளர் பட்டியல். ஆகவே இந்த ஆய்வும் இடாப்பின் பின்னால்தான் போகிறது.

இடம்

நுவரெலியா மாவட்டத்தில், கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் மலைநாட்டு ரயில் பாதையில், ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் நடுவில் இருக்கிறது தலவாக்கலை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரம். சுற்றியுள்ள டிம்புள்ள பகுதி கோப்பிக் காலத்திலேயே காடழித்துத் தோட்டமானது. 1870-களில் இலை நோய் கோப்பியைத் தின்ற பிறகு தேயிலை வந்தது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலிருக்கும் சென்கூம்ஸ் தோட்டத்தில்தான் இயங்குகிறது. தொழிலின் மூளையும் முதுகெலும்பும் ஒரே ஊரைச் சுற்றி இருந்தன என்று சொல்லலாம்.

தேயிலைக்கும் கோப்பிக்கும் அரசியலில் ஒரு வித்தியாசம் உண்டு. கோப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் வேண்டும். பழம் பறித்ததும் கூட்டம் ஊர் திரும்பிவிடும். தேயிலைக்கு ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை அதே செடியில் கொழுந்து எடுத்தாக வேண்டும், ஆண்டு முழுவதும். எனவே தேயிலை குடும்பங்களைத் தங்கவைத்தது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து மண்டபம் முகாம் வழியாக, தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலில் வந்தவர்கள் அங்கேயே பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளும் பெரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரிக்கும் இடத்தில்) பெயர் கொடுத்து வேலைக்கு இறங்கினார்கள். பின்னாளில் "வந்து போகிறவர்கள்" என்று இவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டதெல்லாம் கோப்பிக்காலத்துப் படத்தைத் தேயிலைக்காலத்து ஆளுக்கு மாட்டியதுதான்.

மலைச்சரிவுகளுக்கு இடையிலும் கீழேயும் கண்டிச் சிங்களக் கிராமங்கள் இருந்தன. 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத நிலத்தை முடிக்குரியதாகக் கொள்ள வழி செய்தது. அந்த நிலங்கள் தோட்டங்களுக்குப் போனதில் கிராமத்தவருக்கு ஆறாத மனக்குறை. பின்னால் வாக்குரிமைச் சண்டையில் கண்டித் தலைவர்கள் காட்டிய அச்சம் முழுவதும் பொய்யானதல்ல. தங்கள் மலையைச் சுற்றி வரையப்படும் தொகுதியில் தாங்கள் சிறுபான்மையாவோம் என்று அவர்கள் கண்டார்கள். நிலத்தை எடுத்தவன் துரை. கோபம் விழுந்ததோ கூலியின் மேல்.

1931-க்கு முன்: 600 ரூபாய்த் தடை

1924-ல் சட்டநிரூபண சபைக்கு நடந்த தேர்தலில் எழுதப் படிக்கத் தெரிந்த, சொத்தோ வருமானமோ உள்ள ஆண்களுக்கே வாக்கு. சனத்தொகையில் சுமார் 4 சதவீதம். வருமான அளவு ஆண்டுக்கு 600 ரூபாய். இந்தியர்களுக்குத் தீவு முழுவதற்குமாக 2 இனவாரி ஆசனங்கள் இருந்தன.

அந்த 600 ரூபாய் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு எவ்வளவு தூரம்? குறைந்தபட்சக் கூலிக்கான 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929 தொடக்கத்தில் மலைநாட்டுக்கு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். மாதம் 26 நாள் விடாமல் பேர் விழுந்தாலும் ஆணுக்கு 14 ரூபாய் 4 சதம். ஆண்டுக்கு 168 ரூபாய் சொச்சம். தகுதிக் கோடு அதைப்போல மூன்றரை மடங்கு உயரத்தில் இருந்தது. ஆகவே அந்த 2 ஆசனங்களுக்கும் வாக்களித்தவர்கள் கொழும்பு வணிகர்கள், கணக்கப்பிள்ளைகள், வசதியான பெரிய கங்காணிகள் போன்றவர்கள். தொழிலாளி எண்ணிக்கையில் இருந்தான், இடாப்பில் இல்லை. இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கால் நூற்றாண்டு கழித்து இதே இடைவெளி வேறு வழியாகத் திரும்பி வரும்.

ஒரு சொல் பற்றி. மலையகத்தில் "பேர்" என்றால் ஒரு நாள் வேலைக்கான கணக்கு. செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) முழுப்பேர் விழுந்ததா, அரைப்பேர் விழுந்ததா என்பதே அன்றன்றைய கவலை. அரசியல் பேரேடு ஒன்றிலும் தன் பேர் விழ வேண்டும் என்ற எண்ணம் அதற்கு மேல் வந்து சேர்ந்தது 1931-ல்தான்.

டொனமூரும் மூன்று வாசல்களும்

அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய டொனமூர் பிரபு தலைமையில் நால்வர் ஆணைக்குழு 1927 நவம்பரில் வந்தது. அடுத்த ஜனவரியில் திரும்பியது. 1928 ஜூலையில் அறிக்கை வெளியானது. இனவாரி ஆசனங்களை ஒழித்துப் பிரதேசத் தொகுதிகளையும், எல்லோருக்கும் வாக்குரிமையையும் பரிந்துரைத்தது. பெண்களுக்கு 30 வயது என்று முதலில் எழுதியிருந்தார்கள். பிறகு ஆணுக்குப் போலவே 21 ஆனது. ஆசியாவில் சர்வசன வாக்குரிமை முதலில் வந்த நாடு இலங்கை. இதன் விசித்திரம் தோட்டத்தில்தான் தெரியும். 1931-ல் திருச்சி ஜில்லாவிலிருந்த அண்ணனுக்குச் சொத்து இல்லாததால் வாக்கில்லை. தலவாக்கலையில் கொழுந்தெடுத்த தங்கைக்கு வாக்கு கிடைக்கும் நிலை.

ஆணைக்குழு இந்தியத் தொழிலாளிக்கு வைத்த நிபந்தனை எளியது: 5 ஆண்டு வசிப்பு; அதற்குள் ஊருக்குப் போய்வந்த நாட்கள் எல்லாம் சேர்ந்து 8 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. 60 மாதத்தில் 52 மாதம் இங்கே இருந்தால் போதும். செக்ரோலைப் புரட்டி அரைமணியில் சரிபார்க்கக்கூடிய விதி.

இந்த எளிமையே எதிர்ப்புக்குக் காரணமானது. விதியை அப்படியே விட்டால் மலைநாட்டில் பல தொகுதிகள் தோட்ட வாக்கில் நிற்கும் என்று சிங்களத் தலைவர்கள் கணக்குப் போட்டார்கள். ஆளுநர் ஸ்டான்லி ஒரு சமரசம் செய்தார். 1929 டிசம்பர் 12 அன்று சபையில் 19-க்கு 17 என்ற வாக்கில் டொனமூர்த் திட்டம் நிறைவேறியது. இரண்டே வாக்கு வித்தியாசம். அந்தச் சமரசம் இல்லாவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது.

சமரசம் 1931-ஆம் ஆண்டுத் தேர்தல் கட்டளையில் மூன்று வாசல்களாக வந்தது.

முதலாவது, 7-ஆம் பிரிவு. ஆங்கிலச் சட்டத்தில் டொமிசைல் என்று சொல்கிற நிலையான உறைவிடம் இலங்கையாக இருக்க வேண்டும். பிறப்பால் வந்ததும் செல்லும். தானாகத் தேர்ந்துகொண்டதும் செல்லும். இரண்டாவது, 8-ஆம் பிரிவு: பழைய படிப்பு–சொத்துத் தகுதி. நாட்கூலிக்காரருக்கு அது எட்டாது என்று மேலே கண்டோம். மூன்றாவது, 9-ஆம் பிரிவு: 5 ஆண்டு வசிப்பைக் காட்டி, இங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பதாக உறுதிமொழி கொடுத்து, நிரந்தரக் குடியமர்வுச் சான்றிதழ் பெறுவது. இதில் ஒரு முள் இருந்தது. தீவில் வாழும் பிரித்தானியப் பிரசைகள் எல்லோருக்கும் பொதுவாக இல்லாத எந்தச் சலுகையையும் இனிக் கோரமாட்டேன் என்று விண்ணப்பதாரர் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியத் தொழிலாளருக்கென்று அப்போது தனிச்சட்டங்கள் இருந்தன, குறைந்தபட்சக் கூலி உட்பட. வாக்குக்காகக் கூலிப் பாதுகாப்பை விடுவதா? இந்தியத் தலைவர்கள் இந்த வாசலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். சான்றிதழ் எடுத்தவர்கள் மிகச் சிலரே.

ஆகவே நடைமுறையில் திறந்திருந்தது முதல் வாசல் மட்டும். அதற்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதில்தான் அடுத்த 18 ஆண்டு அரசியலும் அடங்கியிருக்கிறது. தேர்ந்துகொண்ட உறைவிடத்துக்கு இரண்டு சான்று வேண்டும்: வசிப்பு, இங்கேயே இருந்துவிடும் எண்ணம். வசிப்பைச் செக்ரோல் சொல்லும். எண்ணத்தை யார் சொல்வது? 1931-ல் பதிவு அலுவலர்கள் 5 ஆண்டு வசிப்பையே எண்ணத்துக்கும் போதுமான முதற்சான்றாக எடுத்துக்கொண்டார்கள். வேறு விதமாகச் சொன்னால், சட்டம் கடினமாகியது, கைப்பழக்கம் டொனமூர் சொன்னபடியே நடந்தது. அலுவலகச் சுற்றறிக்கை ஒன்றால் தளர்த்திய கயிற்றை இன்னொரு சுற்றறிக்கையால் இறுக்கலாம். அதுதான் பிறகு நடந்தது.

முதல் இரண்டு தேர்தல்கள்

1931 ஜூன் 13 முதல் 20 வரை வாக்கெடுப்பு. மொத்தம் 50 பிரதேசத் தொகுதிகள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பகிஷ்கரிப்பு நடந்து 4 தொகுதிகள் காலியாகக் கிடந்தபோது, மலையகத்தில் மக்கள் முதன்முறையாக வாக்களிக்கப் போனார்கள். ஹட்டனில் பெரி சுந்தரம் போட்டியின்றித் தெரிவாகித் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். தலவாக்கலையில் எஸ். பி. வைத்திலிங்கம். 1936 பிப்ரவரி 22 முதல் மார்ச் 7 வரை நடந்த அடுத்த தேர்தலிலும் தலவாக்கலை வைத்திலிங்கத்திடமே இருந்தது. ஹட்டனைத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் பிடித்தார்.

பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகள், ஒரே வகை வாக்காளர், வேறு வேறு பாதை. நடேசய்யர் தோட்டத்துக்குள் புடவை வியாபாரியாக வேடமிட்டு நுழைந்தவர்; 1931-லேயே ஹட்டனைத் தளமாக்கிச் சங்கம் கட்டியவர்; அவர் மனைவி மீனாட்சியம்மை பாட்டுப் பாடியே கூட்டம் சேர்த்தார். படிப்பில்லாத வாக்காளருக்குத் துண்டுப் பிரசுரத்தைவிடப் பாட்டு வேலை செய்தது. சங்கம் வேர்விட்ட இடத்தில் வாக்கு சங்கத்தின் பின்னால் போகத் தொடங்கியதற்கு முதல் அடையாளம் 1936 ஹட்டன். தலவாக்கலையில் அந்த மாற்றம் இன்னும் பத்தாண்டு கழித்து வந்தது.

தோட்டத்தில் தேர்தல் வேலை எப்படி நடந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிராமத் தொகுதியின் சூத்திரம் இங்கே பொருந்தாது. தோட்டம் தனியார் சொத்து. லயத்துக்குப் போகும் பாதையும் தோட்டத்துடையது. வேட்பாளர் உள்ளே வர வேண்டுமானால் துரையின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அத்துமீறல் வழக்கு. எனவே கூட்டங்கள் தெருவோரத்திலும், ரயில் நிலையத்துக்கு அருகிலும், சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு கடைத்தெருவிலும் நடக்கும். உள்ளே செய்தியைக் கொண்டுபோகிறவர் கங்காணி. அவருக்கு வருமானமே தன் கீழ் வேலைக்கு இறங்கும் ஆட்களின் தலைக்காசு. கடன் சீட்டோடு ஆளைக் கைமாற்றிய துண்டு முறை 1921-ல் சட்டத்தால் ஒழிந்திருந்தது. ஆனாலும் கடனும் உறவும் சாதியும் சேர்ந்து கட்டிய பிடி அப்படி ஒரு நாளில் விடுமா? ஒரு பெரிய கங்காணியை இழுத்தால் ஒரு லய வரிசையே வரும். பகைத்தால் அதுவும் போகும். துரையைப் பகைத்தால் அதைவிடக் கேடு: பத்துச்சீட்டு, அதாவது வேலைநீக்கச் சீட்டு. வேலை போனால் காம்பராவும் (லயத்து அறையும்) போகும். வசிப்பின் தொடர்ச்சி அறுந்தால் இடாப்பிலும் பேர் ஆபத்தில்.

வாக்களிப்பு நிறத்தால் நடந்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் தனிப்பெட்டி. வாக்காளர் சீட்டை வாங்கி, மறைப்புக்குள் போய், தன் ஆளின் பெட்டியில் போட வேண்டும். எழுத்தறியாதவருக்கு இதில் வசதி உண்டு, அதனால் பிரசாரமே நிறத்தைச் சுற்றி நடக்கும். தனிப்பெட்டி முறைக்கு எங்கும் ஒரு ஓட்டை இருக்கிறது: சீட்டில் குறியிட வேண்டியதில்லை என்பதால், பெட்டியில் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அந்தச் சீட்டை வாங்கிய முகவர், அடுத்து நம்பிக்கையான ஓர் ஆளிடம் கொடுத்து உள்ளே அனுப்பினால், ஒருவர் இரண்டு சீட்டுப் போடுவார். மறைப்புக்குள் என்ன நடந்தது என்று அலுவலருக்குத் தெரியாது.

இறுகிய கயிறு

தீவு முழுவதும் இந்திய வாக்காளர் தொகை 1931-ல் சுமார் 1 லட்சம். 1936-ல் சுமார் 1,45,000. 1939-ல் சுமார் 2,25,000. எட்டே ஆண்டில் இரட்டிப்புக்கும் மேல். சனத்தொகை அப்படிப் பெருகவில்லை. பதியத் தெரிந்துகொண்டவர்கள் பெருகினார்கள். சங்கங்கள் படிவம் நிரப்பிக் கொடுத்தன.

இங்கேதான் சுற்றறிக்கை மாறுகிறது. 1940-ஐ ஒட்டிப் பதிவு அலுவலர்கள் எண்ணத்தைத் துருவத் தொடங்கினார்கள். ஊருக்குக் கடைசியாக எப்போது போனாய்? பணம் அனுப்புகிறாயா? அங்கே நிலம் இருக்கிறதா? பிள்ளையை எங்கே கட்டிக்கொடுத்தாய்? இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழிலாளி உள்ளபடி பதில் சொன்னால், அந்தப் பதிலே அவருக்கு எதிராக விழும். தாய்க்கு 5 ரூபாய் அனுப்பியவர் "திரும்பிப் போகிற எண்ணமுள்ளவர்" ஆகிவிடுவார். அதே அளவுகோலை லண்டனுக்குப் பணம் அனுப்பிய துரைமார் மேல் வைத்திருந்தால் ஒருவரும் தேறியிருக்க மாட்டார். 1943-ல் தொகை சுமார் 1,68,000-க்கு இறங்கியது. ஒரு சட்டத்தையும் திருத்தாமல் ஏறக்குறைய 57,000 பேர் குறைந்தார்கள்.

இதற்கு முன்னரே 1937-ல் கிராமச் சபைச் சட்டத்திருத்தம் வந்திருந்தது. தோட்டத்தில் வசிக்கும் இந்தியத் தொழிலாளரை உள்ளூர்ச் சபை வாக்கிலிருந்து விலக்குவது முதல் வரைவு. இனப் பாகுபாடு வெளிப்படையாகத் தெரிகிறது என்ற ஆட்சேபம் எழுந்ததும், தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளர் எல்லோரையும் விலக்குவதாக வாசகத்தை மாற்றினார்கள். விளைவில் பெரிய வித்தியாசமில்லை. சொல்லில் இனத்தை எடுத்துவிட்டு விளைவில் வைத்துக்கொள்ளும் இந்த உத்திக்கு 1937 ஓர் ஒத்திகை. நாட்டின் சபைக்கு வாக்களிக்கத் தகுதியானவர், தன் லயத்துக்குக் கீழே ஓடும் வாய்க்காலைப் பற்றிப் பேசும் சபைக்குத் தகுதியற்றவர் ஆனார்.

1939 ஆகஸ்ட் 1 முதல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜூலையில், நேரு வந்திருந்தபோது, இலங்கையிலிருந்த இந்தியரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாகியது. தடையின் விளைவை அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை: புதிய ஆள் வரவு நின்றதும், தோட்டத்தில் இருந்தவர்கள் முன்னிலும் நிலையான மக்களானார்கள். வசிப்பைக் காட்டும் சான்று வலுத்துக்கொண்டே போன அதே காலத்தில் பதிவு சுருங்கிக்கொண்டே போனது.

1947: 75,000-க்கு ஒரு ஆசனம்

புதிய அரசியலமைப்பை ஆராயும் சோல்பரி ஆணைக்குழு 1944 இறுதியில் வந்து அடுத்த ஏப்ரலில் திரும்பியது. 1946-ஆம் ஆண்டு அரசியலமைப்புக் கட்டளை பிரதிநிதிகள் சபைக்கு 101 இடம் வைத்தது: 95 தெரிவு, 6 நியமனம். தொகுதிக் கணக்கு இப்படி: மாகாணத்தில் ஒவ்வொரு 75,000 ஆளுக்கும் ஓர் ஆசனம், ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் கூடுதலாக ஓர் ஆசனம். பரப்புக்காகக் கொடுத்த ஆசனங்கள் மட்டும் தீவு முழுவதும் 25.

"ஆள்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வாக்காளர் அல்ல, ஆள். லயத்துக் குழந்தையும், இடாப்பில் பேர் இல்லாத கிழவியும், பதிவு மறுக்கப்பட்ட கவ்வாத்துக்காரனும் இந்த 75,000-க்குள் வருவார்கள். 1946 குடிசன மதிப்பில் தீவின் சனத்தொகை 66,57,339. இந்தியத் தமிழர் 7,80,589. வெறும் வகுத்தல் கணக்கில் இது 10 ஆசனத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களின் பங்கில் சேர்ந்தது. எல். எம். டி. டி சில்வா தலைமையிலான எல்லை நிர்ணய ஆணைக்குழுவுக்கு, ஒரே நலன் கொண்ட மக்கள் திரண்டிருக்கும் இடத்தில் அவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்படி கோடு போடவும் அதிகாரம் இருந்தது. ரயில் பாதையை ஒட்டிய தோட்ட நாடு நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நாவலப்பிட்டி என்று தொகுதிகளாகப் பிரிந்தது.

வாக்களிப்பு 1947 ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 20 வரை, 19 நாட்களில், பகுதி பகுதியாக நடந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 பேரை அனுப்பியது: நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், பதுளையில் எஸ். எம். சுப்பையா, அளுத்நுவரவில் டி. இராமானுஜம்.

வேலுப்பிள்ளை வட்டகொடைப் பக்கத்து மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர், ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர், ஆசிரியராக இருந்தவர். தொகுதிக்குள் பிறந்து, அதன் லயத்து மொழி தெரிந்த ஒருவர் அதன் பிரதிநிதியானது இதுவே முதல் முறை. 1931-க்கும் 1947-க்கும் நடுவில் இந்தத் தொகுதியில் நடந்த மாற்றம் என்னவென்று கேட்டால், கங்காணி வழியாக வந்த வாக்கு சங்கத் தலைவர் வழியாக வரத் தொடங்கியது என்பதே பதில். அது துரையையும் அச்சுறுத்தியது, கொழும்பையும் அச்சுறுத்தியது. இந்தியக் காங்கிரஸுக்கு வேட்பாளர் இல்லாத தொகுதிகள் பலவற்றில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயிருந்தன. ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்ததோ 95-ல் 42. புதிய அரசு மலைநாட்டு இடாப்பை ஏன் அவ்வளவு அவசரமாகத் திறந்தது என்பதற்கு இந்த 42 பாதி விளக்கம். கண்டிக் கிராமத்து மனக்குறை மீதிப் பாதி.

மூன்று சட்டங்கள், ஒரே வழி

வாக்குரிமையை நேரே பறிக்கும் சட்டம் ஒன்றுகூட வரவில்லை. மூன்று தனித்தனி அடிகள். ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் நிர்வாக ஒழுங்கு போலவே தோன்றும்.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த நாளுக்கு முன் இலங்கையில் பிறந்தவர் பிரஜையாவதற்குத் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்; அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தானே இலங்கையில் பிறந்தது போதாது. இதை ஒரு லயத்துக் குடும்பத்தில் வைத்துப் பார்ப்போம். 1948-ல் 21 வயதான பெண் 1927-ல் பிறந்தவள். அவள் தந்தை 1900-ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். அவர் இலங்கையில் பிறந்தார் என்று கடுதாசி காட்ட வேண்டும். தோட்டத்துப் பிறப்புகள் அந்தக் காலத்தில் சீராகப் பதியப்படவில்லை. பதிந்திருந்தாலும் பேர் எழுத்து மாறியிருக்கும்: முனியாண்டி ஒரு பதிவில் முனியன், செக்ரோலில் முனுசாமி. கிராமத்துச் சிங்களவரிடமும் இப்படிக் கடுதாசி இருந்ததில்லை, ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. சட்டத்தின் வாசகம் எல்லோருக்கும் ஒன்று, சான்று கேட்ட கை மட்டும் ஒரு பக்கமே நீண்டது.

இரண்டாவது, 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்க இந்திய–பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1-க்கு முன் தொடர்ச்சியாக, மணமானவருக்கு 7 ஆண்டு, மற்றவர்களுக்கு 10 ஆண்டு வசிப்பு வேண்டும். இடையில் ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. இந்தியக் காங்கிரஸ் முதலில் விண்ணப்பமே போடாதே என்றது. பிறகு மனம் மாறிக் கடைசி மாதங்களில் குவித்தது. நேர்மையாகச் சொன்னால் அது ஒரு பெரிய பிழை. அவசரத்தில் நிரப்பிய படிவங்களில் தேதிகள் முரண்பட்டன. அந்த முரண்பாடுகளே நிராகரிப்புக்குக் காரணமாயின. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், 8,24,000-க்கு மேற்பட்டவர்களுக்காகப் போயின. விசாரணை முடிய பத்தாண்டுக்கு மேல் ஆனது. கடைசியில் தேறியவர்கள் சுமார் 1,34,000 பேர், நூற்றுக்கு 16.

மூன்றாவது, 1949-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம்: பிரஜைக்கு மட்டுமே இடாப்பில் இடம். பிரஜாவுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருப்பவருக்குக்கூட இடமில்லை. வரிசையைப் பாருங்கள். விண்ணப்பக் கதவு 1951 வரை திறந்திருக்கிறது. இடாப்போ அதற்கு முன்பே பிரஜைகளை மட்டும் வைத்துத் திருத்தப்படுகிறது. முதல் கதவில் வரிசையில் நிற்கும்போதே இரண்டாம் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

இந்தச் சட்டங்களில் வடக்கு–கிழக்குத் தமிழரின் கட்சியான தமிழ்க் காங்கிரஸ் பிளந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் முதலாவதை எதிர்த்து வாக்களித்து, பிறகு அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

நீதிமன்ற வழியும் பார்த்தார்கள். றுவன்வெல்லைத் தொகுதி இடாப்பில் தன் பேரைச் சேர்க்கக் கோரிய கோடாகன் பிள்ளையின் வழக்கு அது. எந்தச் சமூகத்துக்கும் மற்றவர்களுக்கு இல்லாத இடையூறு செய்யும் சட்டத்தை அரசியலமைப்பின் 29(2) பிரிவு தடுத்திருந்தது. இடாப்பைத் திருத்திய அலுவலர் அந்தப் பிரிவைக் காட்டி அவருக்குச் சார்பாக முடிவு செய்தார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. லண்டனிலிருந்த கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில், அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றம்) 1953-ல் உயர் நீதிமன்றத்தின் பக்கம் நின்றது. சட்டம் ஒரு சமூகத்தைப் பற்றியதல்ல, குடியுரிமைத் தகுதியைப் பற்றியது. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கம் அந்தத் தகுதிக்குப் பொருந்திய விஷயம் என்பது தர்க்கம். தேயிலைச் செடிக்குக் கோப்பிக்காலத்துப் படம், இப்போது கோமறைக் கழகத்தின் முத்திரையோடு.

மிச்சம்

1952 மே மாதத் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 28 அன்று, இந்தியக் காங்கிரஸ் கொழும்பில் பிரதமர் அலுவலக வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. வேலுப்பிள்ளையின் ஆசனம் போனது. மற்ற 6 ஆசனங்களும் போயின. தலவாக்கலை நாட்டிலேயே மிகக் குறைந்த வாக்காளர் கொண்ட தொகுதிகளில் ஒன்றானது. அதன் கோடு 1946-ல் போட்டதுதான். அந்தக் கோட்டை நியாயப்படுத்திய 75,000 தலைகளில் பெரும்பங்கு லயத்துத் தலைகள். அந்தத் தலைகள் ஆசனத்தை உண்டாக்கின. ஆளைத் தெரிவு செய்தவர்கள் தொகுதியின் கடைத்தெருக்களிலும் கிராமங்களிலும் மிஞ்சியிருந்த சொற்பப் பிரஜைகள். ஒரு கண்டிக் கிராமத்து வாக்கு இங்கே கொழும்பில் போட்ட வாக்கைவிடப் பல மடங்கு கனத்தது.

1959 எல்லை நிர்ணயத்திலும் மாகாணத்துக்கான ஆசன எண்ணிக்கைக்கு எல்லா ஆட்களையும் எண்ணினார்கள். மாகாணத்துக்குள் கோடு போடும்போதுதான் பிரஜைகளைப் பார்த்தார்கள். தலவாக்கலை, கொட்டகலை என்ற பெயர்கள் 1960 மார்ச் தேர்தலின் தொகுதிப் பட்டியலில் இல்லை. அந்த மலைகள் நுவரெலியா, மஸ்கெலியா ஆகிய தொகுதிகளில் கரைந்தன. 1977-ல் அவை இரண்டும் சேர்ந்து மூன்று அங்கத்தவர் தொகுதியானபோது, 30 ஆண்டு கழித்து தொண்டமான் அங்கே மூன்றாவது ஆளாகத் தெரிவானார்.